வணக்கம் மட்டும் இல்லை

அப்பாவுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை என்று தேதி குறித்தபோதுதான் எனக்கு உறைத்தது. கள்ளக்குறிச்சியில் ஒரு கேபிள் டிவி கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து இருபது வருஷமாக 'நேயர் விருப்பம்' நடத்துகிறார். அந்தக் குரல் எங்கள் யாரிடமும் பதிவாக இல்லை.

கடைசி நிகழ்ச்சிக்கு லேப்டாப்போடு போனேன். அங்கே என்கோடரிலிருந்து வரும் சேனல், 239-ல் தொடங்கும் ஒரு மல்டிகாஸ்ட் முகவரிக்குப் போகிறது. தண்டோரா மாதிரிதான். அடிப்பவர் ஒருமுறைதான் அடிப்பார், வாசலுக்கு வந்தவருக்குக் கேட்கும். 'எனக்கும் வேணும்' என்று கணினி ஐஜிஎம்பி வழியாகச் சொன்னால், சுவிட்ச் அந்தப் பக்கம் ஒரு நகலை விடும். தவறவிட்டதைத் திரும்பக் கேட்க முடியாது. யுடிபிக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

வீடியோலேன் திட்டத்தின் மல்டிகேட் என்ற சின்ன டூலை வைத்திருந்தேன். ஒரே வரிக் கமாண்ட்: இந்த முகவரியில் வருவதை இந்த ஃபைலில் எழுது. பக்கத்திலேயே ஆக்ஸ் என்று இன்னொரு ஃபைலும் உருவாகும். ஒவ்வொரு பாக்கெட்டும் எப்போது வந்தது என்ற கணக்கு அதில் இருக்கும், பின்னால் அதே வேகத்தில் ஓட்டிக்கொள்ளலாம். இரண்டாவது டெர்மினலில் ஃபைலுக்குப் பதிலாக அத்தை மகனின் போன் முகவரி, விபிஎன் வழியாக. கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் அத்தை வீடு. எங்க கேபிள் அங்கே ஏறியதே இல்லை. தம்பி டிவியில் பேசி அத்தை பார்த்ததில்லை.

ஏழு மணிக்கு அப்பா 'வணக்கம் நேயர்களே' என்றார். ஐந்து நிமிஷம் கழித்துப் பார்க்கிறேன், ஃபைலின் அளவு 0. லேப்டாப் வைஃபையிலும் இருந்திருக்கிறது. என் 'எனக்கும் வேணும்' அந்தப் பக்கமாகப் போயிருக்கிறது. ஒயர் சொருகியிருந்த பக்கம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷம் நெட்வொர்க் வேலை பார்ப்பவன் செய்கிற தப்பா இது? ஈதர்நெட்டின் முகவரியைக் கமாண்டில் சேர்த்து, கை நடுங்க இரண்டையும் மறுபடி ஓட்டினேன். ஃபைல் வளர ஆரம்பித்தது.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. குரல்தான் பழையபடி இல்லை. ஒருநாள் பதிவைப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு போனில் டைப் செய்து நீட்டினார்: "வணக்கம் எங்கடா?"

என்னிடம் பதில் இல்லை. ஃபைலை முப்பதாவது நிமிஷத்துக்குத் தள்ளினேன்.

"வணக்கம், எங்கேருந்து பேசறீங்க?"

"வெள்ளிமலையிலேருந்துடா. உன் அக்கா. இப்பதான் உன்ன டிவியில பாக்கறேன்."

அதற்கப்புறம் நாலு விநாடி அப்பா பேசவே இல்லை. அது பதிவாகியிருக்கிறது.

"சொல்லுக்கா, என்ன பாட்டு வேணும்?"