நாற்பத்து மூன்றாம் பக்கம்

பதிப்பாளர் கிடைக்கவில்லையா? கவலையை விடுங்கள். 2016 டிசம்பரிலிருந்து கிண்டிலில் தமிழும் உண்டு. கதைகளையும் ஓர் அட்டைப் படத்தையும் ஏற்றினால், மூன்று நாளுக்குள் நீங்கள் எழுத்தாளர்.

நானும் ஏற்றினேன். 90 நாளில் 5 நாள் இலவசமாகத் தரலாமாம். வாட்ஸ்அப்பில் கூச்சத்தை விட்டு, 'ஃப்ரீதான் சார், சும்மா டவுன்லோடு பண்ணுங்க' என்று கெஞ்சினேன். 312 பேர் இறக்கிக்கொண்டார்கள். ஆறாம் நாள் 49 ரூபாய் விலை வைத்தேன். ஈ, காக்கை இல்லை. மச்சினனைக் கேட்டேன், படிச்சியா என்று. 'ஃபோன்ல பத்திரமா இருக்கு அத்தான்' என்றான்.

சந்தா கட்டுபவர்கள் தினம் எத்தனை பக்கம் படித்தார்கள் என்று கிண்டில் கணக்குச் சொல்லும். யார் என்று சொல்லாது. ஒரு நாள் 43 பக்கம். மறுநாள் பூஜ்யம். அதற்கு மறுநாளும். மொத்தம் 110 பக்கம். அங்கே என்ன எழுதித் தொலைத்தேன்? திறந்து பார்த்தால், ஏழு பக்கத்துக்கு மழை வர்ணனை. எனக்கே கொட்டாவி வந்தது. வெட்டிவிட்டு, புதிதாக ஏற்றினேன். அச்சுப் புத்தகத்தில் இது நடக்குமா, சொல்லுங்கள்.

பத்து நாள் கழித்து, ஒரே ராத்திரியில் 67 பக்கம். கூட்டிப் பாருங்கள்.

அந்த 312 பேரைவிட இவர் ஒருத்தர் போதும் எனக்கு. ஒருவேளை அது நீங்கள்தானென்றால், மழைக்கு மன்னிக்கவும்.