கல்கூராவில் ஒரு காத்திருப்பு



பயணம் என்றதும் கோட்டைகளும் அருவிகளும் கடற்கரைகளும் நம் நினைவில் எழுவது இயல்பு. இம்மாதம் உங்களை அழைத்துச் செல்லும் இடத்தில் இவற்றில் எதுவும் இல்லை. ஆயினும், மடிந்துபோன ஒரு நட்சத்திரத்தின் கதையை ஆண்டுக்கணக்கில் பொறுமையுடன் செவிமடுத்து வந்த இடம் அது.

ஆஸ்திரேலியாவின் சிட்னி மாநகரிலிருந்து வடமேற்கே ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் சென்றால் நாரப்ரை என்னும் சிற்றூர் வரும். பருத்தியும் கோதுமையும் விளையும் பூமி. கமிலராய் பழங்குடி மக்களின் தாயகம். ஊருக்குக் கிழக்கே மலைத்தொடர். மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம்வரை சமவெளி. அச்சமவெளியில் ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர் தொலைவில் கல்கூரா இருக்கிறது. அங்கே வானை அண்ணாந்து நோக்கியபடி ஆறு வெண்ணிறக் கிண்ணங்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் 22 மீட்டர் அகலமுடையது.

வருகையாளர்களிடம் கைப்பேசியை அணைத்துவிடுமாறு இங்கே கேட்டுக்கொள்கிறார்கள். காரணம் எளியது. விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகள் மிகவும் நலிந்தவை. நம் சட்டைப்பையில் உள்ள சிறு கருவியின் இரைச்சல் அவற்றை மூழ்கடித்துவிடும். தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரலைக் கேட்க விரும்புவோர் முதலில் தம் பக்கத்து ஓசையை அடக்க வேண்டும் அல்லவா?

இந்த ரேடியோ தொலைநோக்கிகள் 1988-ஆம் ஆண்டு செப்டம்பரில் திறந்து வைக்கப்பட்டன. ஐந்து கிண்ணங்கள் மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள தண்டவாளத்தின் மீது நகர்த்தத்தக்கவை. ஆறாவது, மேற்கே மேலும் மூன்று கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. ஆறும் பெறும் அலைகளை ஒன்றாக இணைத்தால், ஆறு கிலோமீட்டர் அகலமுள்ள ஒரே கிண்ணத்தின் கூர்மை கிடைக்கிறது. பூமி சுழலச் சுழல, பன்னிரண்டு மணி நேரம் ஒரே இலக்கைத் தொடர்ந்து நோக்கினால்தான் ஒரு முழுப்படம் உருவாகும்.

அவ்வாறு அவை நோக்கிய இலக்குகளுள் ஒன்று, 1987-ஆம் ஆண்டு பிப்ரவரி 24 அன்று சிலி நாட்டின் லாஸ் கம்பானாஸ் மலையில் கண்டறியப்பட்டது. இயன் ஷெல்டன் என்பவர் தாம் எடுத்த நிழற்படத்தில் ஒரு புதிய ஒளிப்புள்ளியைக் கண்டார். ஐயம் தீர வெளியே வந்து வானைப் பார்த்தார். வெறுங்கண்ணுக்கே அது தெரிந்தது. நம் பால்வெளிக்கு அண்டையிலுள்ள பெரிய மெகல்லன் மேகத்தில், ஏறத்தாழ 1,68,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால், ஒரு நீலப் பெருநட்சத்திரம் வெடித்திருந்தது. 1604-க்குப் பிறகு வெறுங்கண்ணால் காணக் கிடைத்த முதல் சூப்பர்நோவா அதுவே.

ஓரிரு நாட்களிலேயே கான்பெரா அருகிலுள்ள மொலாங்ளோ தொலைநோக்கி அதன் ரேடியோ ஒலிபரப்பைப் பிடித்தது. ஆனால் அது விரைவிலேயே தேய்ந்து அடங்கிற்று. பின்னர் மூன்று ஆண்டுகளுக்கு மேல் அமைதி! ஆய்வாளர்கள் நம்பிக்கை இழக்கவில்லை. 1990-இன் நடுப்பகுதியில் மொலாங்ளோவிலும், அதனையடுத்துக் கல்கூராவிலும் அக்குரல் மீண்டும் கேட்டது.

இடையில் நிகழ்ந்தது என்ன? வெடிப்பின் அதிர்வலை நட்சத்திரத்தைச் சூழ்ந்த வெறுமையான வெளியில் விரைந்துகொண்டிருந்தது. அடர்ந்த வாயுவில் மோதியபோது வேகம் குறைந்தது. எலக்ட்ரான்கள் முடுக்கப்பட்டுக் காந்தப்புலத்தில் சுழன்று ரேடியோ அலைகளை உமிழ்ந்தன. 1992 முதல் எடுக்கப்பட்ட படங்களில் ஒரு வளையம் தெரிந்தது. அதன் கிழக்குப் பகுதி மேற்கைக் காட்டிலும் ஒளிமிக்கதாக இருந்தது. சில கிலோமீட்டர் தொலைவில் வைக்கப்பட்ட ஒரு ரூபாய் நாணயத்தின் அளவே தோற்றமளிக்கும் அவ்வளையம், ஆண்டுதோறும் விரிவதையும் அளந்து பதிவு செய்தனர். குழந்தை வளர்வதைக் கதவு நிலையில் கோடிட்டுக் குறித்து வைப்போமே, அதைப் போன்றதுதான் இதுவும்.

இங்கே ஒரு படிப்பினையும் உண்டு. வெடித்த நட்சத்திரத்தின் நடுவே, சுழலும் ஒரு நியூட்ரான் நட்சத்திரம் எஞ்சியிருக்க வேண்டும் என்று அறிஞர்கள் எதிர்பார்த்தனர். 1989-இல் ஒரு குழுவினர் சிலியிலுள்ள ஒளித் தொலைநோக்கி மூலம் அதன் துடிப்பைக் கண்டதாக அறிவித்தனர். உலகமே வியந்தது. மறு ஆண்டில் அக்குழுவினரே, தாங்கள் கண்டது தொலைநோக்கியுடன் இணைந்த ஒரு தொலைக்காட்சிக் கேமராவின் குறுக்கீடு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டனர். கண்டுபிடித்த புகழை விட உண்மையைப் பெரிதெனக் கருதிய அந்நேர்மை போற்றத்தக்கது. தேடல் தொடர்ந்தது. வெடிப்பு நிகழ்ந்து 37 ஆண்டுகள் கடந்த பின், 2024-இல்தான், ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி அங்கே நியூட்ரான் நட்சத்திரம் இருப்பதற்கான வலுவான தடயத்தை அளித்தது.

வானத்தில் தோன்றும் புதுமையைப் பதிவு செய்யும் இப்பணி நமக்கு அந்நியமானதன்று. கி.பி. 1006-இல் வானில் ஒரு பேரொளி தோன்றியபோது, எகிப்தின் மருத்துவரும் அறிஞருமான அலி இப்னு ரிள்வான் அதைத் தம் இளமையில் கண்டார். வெள்ளிக் கிரகத்தைப் போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு பெரிதாக அது தெரிந்ததென்றும், அது வானில் எங்கே இருந்ததென்றும் பின்னாளில் எழுதி வைத்தார். ஏறத்தாழ 960 ஆண்டுகளுக்குப் பின், 1965-இல், அந்த வெடிப்பின் எச்சத்தை ரேடியோ வானில் அடையாளம் காட்டியது எது தெரியுமா? கல்கூரா அமைந்துள்ள அதே நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் பார்க்ஸ் தொலைநோக்கி! தாம் கண்டதைக் கண்டவாறே எழுதிய அந்த இளைஞருக்கு, தம் குறிப்பு எவருக்குப் பயன்படும் என்பது தெரிந்திருக்க வழியில்லை.

வாசகப் பெருமக்களே! நம் குருதியிலுள்ள இரும்பும் எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் இத்தகைய நட்சத்திர வெடிப்புகளிலிருந்து விண்வெளியில் பரவியவையே. இன்றிரவு உங்கள் பிள்ளைகளை மொட்டை மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். கைப்பேசியைக் கீழேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள். அவர்கள் வானத்தில் காண்பதைத் தேதியிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். அவ்வரிகள் நாளை எவருக்கு உதவும் என்பதை யாரறிவார்?