நெற்றியில் ஒரு பச்சை விளக்கு



போன வாரம் ஒரு பரிசோதனைக்குப் போய் வந்தேன். பயப்படாதீர்கள், உடம்புக்கு ஒன்றுமில்லை. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன் ஒருவன் கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறான். விஆர் ஹெட்செட்டை மாட்டினாலே நாடித்துடிப்பு தெரிகிற மாதிரி ஒரு சென்சார் வைத்துச் சோதிக்கிறான். "வர்றதெல்லாம் காலேஜ் பசங்கதான் டீச்சர், அறுபது தாண்டினவங்க யாருமே கிடைக்கல" என்றான். நான் வருகிறேன் என்றேன்.

முதலில் திருநீற்றைத் துடைக்கச் சொன்னான். நெற்றி படும் இடத்தில் சின்னப் பச்சை விளக்கு. ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். துடிக்கும்போதெல்லாம் தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறைவதால், திரும்பி வரும் ஒளியும் மாறும். அந்த மாற்றத்தை எண்ணினால் நாடி. ஸ்மார்ட் வாட்சுக்கு அடியில் மின்னுவதும் இதுதான். சரிபார்க்க மார்பில் ஈசிஜி பட்டையும் கட்டினார்கள் (ஒரு பெண்பிள்ளைதான் கட்டிவிட்டாள்).

அப்புறம் ரோலர் கோஸ்டர்! கண் பாய்கிறது, உள்காதோ நாற்காலியில்தான் இருக்கிறாய் என்கிறது. குமட்டல் அதனால்தான். இரண்டே நிமிடத்தில் போதும்டா சாமி என்று கழற்றிவிட்டேன். மார்புப் பட்டை 104 என்றது. நெற்றி 71 என்றது.

அவன் முகம் வாடிவிட்டது. தலை ஆடினாலும் ஹெட்செட் தளர்ந்தாலும் பிசகுமாம். தோலின் மெலனினும் பச்சை ஒளியை விழுங்கும். நான் நல்ல கறுப்பு, உங்களுக்குத் தெரியாததா! கொரோனாவில் விரலில் மாட்டிப் பார்த்தோமே ஆக்சிஜன் கருவி, அதன் ஒளி வேறு என்றாலும் அதிலும் இதே சிக்கல். ஆக்சிஜன் குறைந்திருப்பதை அது தவறவிடுவது வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2020-ல் அமெரிக்காவில் கண்டார்கள்.

"உங்க ரீடிங்கை விட்டுடறேன் டீச்சர், மத்ததோட சேரல" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. ஒரு வருஷம், ஆய்வு நாளன்று, வாசிக்கத் திணறிய மூன்று பிள்ளைகளை வீட்டிலேயே இருக்கச் சொன்னேன். மேலே இருந்து சொன்னார்கள் என்பது சாக்கு. வாய் திறந்து சொன்னவள் நான். வகுப்புக்கு 'மிக நன்று' கிடைத்தது. அதற்குப் பிறகு அந்த மூவரையும் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

இதை அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு 71-ஐ அட்டவணையில் ஏற்றினான்.

அடுத்த மாதம் எங்கள் ஓய்வூதியர் சங்கத்திலிருந்து நாலு பேரோடு போகிறேன். மதுரை அத்தை, நீங்களும் வரலாம். ரோலர் கோஸ்டர் வேண்டாம், படகு சவாரி போடு என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.