எந்திர யானையும் எங்க ஊர்த் தேரும்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியல. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. ஒருவழியா ரிலீஸ் முடிஞ்சு, ஆடிப்பூரத்துக்கு லீவு போட்டு ராஜபாளையம் போயிட்டு வந்தேன். எழுத ஒரு விஷயம் சிக்கிச்சு. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

டிஸ்கி: தலைப்பைப் பார்த்து ஆன்மிகப் பதிவுன்னு வந்தவங்க மன்னிக்கணும். இது ராட்சத ரோபோ பத்தின பதிவு. நிஜமாத்தான்.

முதல்ல விளையாட்டு என்னன்னு சொல்லிடறேன். நாலஞ்சு பேர் வட்டமா உட்காரணும். ஒருத்தர் கதையை நடத்துவார், அவருக்குப் பேர் கேம் மாஸ்டர். மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரம். "கதவுக்குப் பின்னாடி சத்தம் கேக்குது, என்ன பண்றே?"ன்னு அவர் கேப்பார், நாம சொல்லணும். அது நடக்குமா நடக்காதான்னு பகடை முடிவு பண்ணும். 1974-ல் அமெரிக்காவில் வந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகைக்குப் பிள்ளையார் சுழி. கம்ப்யூட்டர் வேண்டாம், கரண்ட் கூட வேண்டாம். பேப்பர், பென்சில், பகடை, வெட்டிப் பேச்சு போதும். கடைசி ஐட்டத்துக்கு நம்ம பசங்ககிட்ட என்னிக்கும் பஞ்சமில்ல.

இந்த விளையாட்டில் எனக்குப் பிடிச்ச கிளை, ராஜா காலத்து உலகத்தில் ராட்சத ரோபோ. காலேஜ் ஹாஸ்டல்ல 'எஸ்காஃப்லோன்'னு 1996-ல் வந்த ஜப்பான் தொடரைப் பார்த்ததுல பிடிச்ச பைத்தியம். அதுக்கும் முன்னாடி 1983-லேயே 'டன்பைன்' வந்தாச்சு: கோட்டை, சிற்றரசன், அவன் படையில் பூச்சி மாதிரி ரோபோக்கள். மேஜை விளையாட்டில் 1984-ல் வந்த 'பேட்டில்டெக்' கதை விண்வெளியில் நடந்தாலும் உள்ளே இருப்பது பண்ணையார் ஆட்சிதான். அப்பன் ஓட்டின எந்திரத்தை மகன் ஓட்டுவான், குடும்பத்துக்குக் குடும்பம் பகை. 2004-ல் வந்த 'டிராகன்மெக்'கில் நிலாவிலிருந்து கல்மழை பெய்து ஊரெல்லாம் அழிய, மிச்சமிருக்கும் ஜனங்க நடக்கும் நகரங்களுக்குள்ள வாழுவாங்க.

ரோபோவும் ராஜாவும் ஏன் இவ்வளவு நல்லா ஒட்டுது? என் கணக்கு சிம்பிள். பெரிய எந்திரம் செய்ய ஊர்ப் பணம் மொத்தமும் வேணும். அந்தப் பணம் ஒருத்தன்கிட்ட மட்டும் இருந்தா எந்திரமும் அவனோடது. குதிரை வச்சிருந்தவன் வீரன் ஆன மாதிரி, ரோபோ வச்சிருக்கிறவன் பிரபு ஆயிடறான். மிச்ச ஜனம் அண்ணாந்து பாக்கும். இந்த 'மிச்ச ஜனம்' மேட்டர்லதான் நான் நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். வரேன்.

போன வருஷம் மொட்டை மாடியில் முதல் ஆட்டம். நான்தான் கேம் மாஸ்டர். அத்தை பையன் (மில்லில் சூப்பர்வைசர்), பேண்டேஜ் துணி வியாபாரம் பண்ற ஸ்கூல்மேட், அப்புறம் என்கூட இன்ஜினியரிங் படிச்சுட்டு இப்போ வாத்தியாரா இருக்கிற ஒரு நண்பன். பேரன், டியூக், நைட்னு வெள்ளைக்காரப் பேரா அடுக்கினேன். ஒருத்தன் முகத்துலயும் ஈயாடல. அத்தை பையன் மட்டும், "அந்த ரோபோவுக்கு ஆயில் யார்றா ஊத்துவா?"ன்னு கேட்டான். மெயிண்டெனன்ஸ்காரன் புத்தி. செம மொக்கை. அரை மணி நேரத்துல எல்லாரும் கிரிக்கெட் ஸ்கோர் பாக்கப் போயிட்டாங்க.

அப்புறம்தான் உறைச்சுது. சரக்கை வெளியில ஏன் தேடணும்?

உதயணன் கதையை எடுத்துக்கங்க. யாழ் வாசிச்சே யானையை அடக்கும் மன்னன். அவனைப் பிடிக்க உஞ்சை அரசன் ஒரு யானை எந்திரம் செய்து, வயிற்றுக்குள் வீரர்களை ஒளிச்சுக் காட்டுக்குள் நிறுத்துவான். நிஜ யானைன்னு நம்பி யாழோடு கிட்டப் போனவன் மாட்டிக்குவான். நம்ம கொங்குவேளிர் 'பெருங்கதை' பாடினது இந்த உதயணனைப் பத்தித்தான். உ.வே.சா. அதை 1924-ல் பதிப்பிச்சார். சீவக சிந்தாமணியில் மயிற்பொறி. கட்டியங்காரன் கோட்டையைச் சூழ்ந்ததும், கர்ப்பிணியான விசயையைப் பறக்கும் மயிலில் ஏத்தி அனுப்பிட்டு, சச்சந்தன் சண்டை போட்டுச் சாவான். மயில் போய் இறங்குவது சுடுகாட்டில், சீவகன் பிறப்பதும் அங்கேதான். சிலப்பதிகாரத்து மதுரைக் கோட்டை மதிலில் தானே வளைஞ்சு அம்பு விடும் பொறி, கல் வீசும் கவண், குரங்கு மாதிரி கடிக்கும் பொறின்னு பெரிய லிஸ்டே இருக்கு. கதைக்குப் பஞ்சமே இல்ல.

ஆனா இதெல்லாம் படிச்சுத் தெரிஞ்சது. கண்ணால பார்த்த ராட்சத எந்திரம் ஒண்ணே ஒண்ணுதான். தேர்.

ராஜபாளையத்துலேருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துலதான், பஸ் ஏறினா அரை மணி நேரம். சின்ன வயசுல அப்பா தோளில் உட்கார்ந்து ஆண்டாள் தேரைப் பார்த்திருக்கேன். பதினோரு நிலை கோபுரத்தையே தெரு வழியா ஓட்டிட்டு வராங்கன்னு அப்போ நினைச்சேன். எடைக்கு ஒரு உதாரணம் சொல்றேன். பேட்டில்டெக் விளையாட்டில் சாதாரணமா வரும் எந்திரங்கள் 20 டன்னிலிருந்து 100 டன் வரை. திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரம், சுமார் 300 டன். அதாவது அந்தக் கற்பனை ரோபோக்களில் பெரிசு மூணைச் சேர்த்தால் ஒரு திருவாரூர்த் தேர். இதுல கற்பனையே கிடையாது.

தேருக்குப் பைலட்டும் கிடையாது. முன்னாடி வடம் பிடிக்க ஆயிரக்கணக்கில் ஆள். பின்னாடி நெம்பித் தள்ள ஆள். சக்கரத்துக்கு ஒட்டி உயிரைக் கையில் பிடிச்சுக்கிட்டு முட்டுக்கட்டை போடுறவங்க. அவங்கதான் பிரேக், அவங்கதான் ஸ்டியரிங். கட்டையை எந்தச் சக்கரத்துக்கு எந்தக் கோணத்தில் கொடுக்கிறாங்களோ அதை வச்சுத்தான் தேர் முக்கு திரும்பும்.

சரி, இதையே விளையாட்டாக்கிடலாம்னு ஒரு ரூல் புக் எழுதினேன். ஒரு நாட்டின் காவல் எந்திரம், தேர் அளவு. எதிரி வரும்போது எட்டுத் தெரு சுத்தி நிலைக்குக் கொண்டு வந்து சேர்க்கணும். பகடைக்குப் பாட்டியோட பித்தளைத் தாயக்கட்டை. ரெண்டு கட்டை, ஒவ்வொண்ணுலயும் வெறுமை, 1, 2, 3. பதினாறு விதமா விழலாம், அதில் தாயம் விழுவது ரெண்டே விதம். எட்டில் ஒரு வாய்ப்பு. தாயம் விழுந்தா எந்திரம் நகரும், வடத்தில் எத்தனை தெரு இருக்கோ அத்தனை தடவை உருட்டலாம். ஒரு தெரு மட்டும் இழுத்தா 12.5 சதவீதம். நாலு தெரு சேர்ந்தா 41. எட்டும் சேர்ந்தா 66. பி.இ. படிச்சதுக்கு இப்படியாவது உபயோகம்.

ராஜா காலத்துக் கதை இல்லையா, 'நம்பகத்தன்மை' வேணுமேன்னு ஒரு ரூல் சேர்த்தேன். 'வடம் தொடும் உரிமை உயர்குடித் தெருக்கள் இரண்டுக்கு மட்டும்.' எழுதும்போது ரெண்டாவது தடவை கூட யோசிக்கல.

இந்த ஆடிப்பூரத்துக்கு முந்தின ராத்திரி ஆட்டம். யார் எந்தத் தெருன்னு சீட்டுக் குலுக்கிப் போட்டோம். வாத்தியார் நண்பனுக்கு ஏழாம் தெரு வந்துச்சு. ரூலை ஒரு தடவை படிச்சான். மறுபடி படிச்சான். சீட்டைக் கீழே வச்சுட்டான்.

"அப்ப நான் என்ன மாப்ள பண்ணணும்?"

"நீ ரகசியமா..." அப்படின்னு நான் ஆரம்பிச்சேன்.

"எங்க ஊர்லயும் தேர் இருக்கு. எங்க தாத்தா சாகுற வரைக்கும் வடத்தத் தொட்டதில்ல. எங்க தெருவுக்குத் தேர் வராது. தூரத்துல நின்னு உச்சியில இருக்கிற குடையைத்தான் பாத்திருக்காரு. சக்கரம் எப்படி இருக்கும்னே எனக்குக் காலேஜ் வந்தப்புறம்தான் தெரியும்."

"மாப்ள, இது சும்மா கதைடா. அந்தக் காலத்து உலகம்..."

"எந்தக் காலம்?"

யாரும் பேசல. எட்டு வருஷமா பழக்கம். ஒரே ரூம், ஒரே தட்டு. அவன் ஊர்த் தேர் பத்தி நான் ஒரு தடவை கூட கேட்டதில்ல. வடத்தைத் தொட எனக்கு யார்கிட்டயும் பர்மிஷன் கேக்க வேண்டி வந்ததில்ல. அதனால அது ஒரு உரிமைன்னே எனக்குத் தோணினதில்ல. அவன் வீட்டில் மூணு தலைமுறையா நடந்ததை நான் கதைக்கு மசாலாவா தூவியிருக்கேன்.

"எந்தக் காலம்"னு அவன் கேட்டதுக்கு பதில் சிவகங்கை மாவட்டத்துல இருக்கு. தேவகோட்டை பக்கம் கண்டதேவி சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில். அங்கே தேர் வடம் நாலு நாட்டார்களுக்குப் பாரம்பரிய உரிமை, முதல் மரியாதையும் அவங்களுக்கு. தலித் மக்கள் நாங்களும் வடம் பிடிப்போம்னு கேட்டதில் 1998-லிருந்து பிரச்சினை, உயர்நீதிமன்றம் வரை வழக்கு. 2006-க்கு அப்புறம் தேர் நின்னே போச்சு. மறுபடி ஓடினது 2024 ஜூனில், பலத்த போலீஸ் பாதுகாப்போடு. கிட்டத்தட்ட பதினெட்டு வருஷம். அந்த ஊர்ல தேர் நின்னப்போ பிறந்த குழந்தை பிளஸ் டூ முடிச்சிருக்கும். நான் ஹாஸ்டல்ல உட்கார்ந்து ஜப்பான் ரோபோ பார்த்துட்டிருந்த நாலு வருஷமும் அதுக்குள்ளதான் அடக்கம்.

அன்னிக்கு ராத்திரியே அந்த ரூலை அடிச்சேன். கணக்கும் அதைத்தான் சொல்லுது: ரெண்டு தெரு மட்டும் இழுத்தா 23 சதவீதம், எட்டும் இழுத்தா 66. பெருமையா பேப்பரைக் காட்டி, "பாரு மாப்ள, எல்லாரும் சேர்ந்தாத்தான் நகரும்"னு சொன்னேன்.

அவன் சிரிச்சான். "இழுக்க ஆள் பத்தலன்னா எங்களைக் கூப்பிடறது ஒண்ணும் புதுசு இல்லடா. நசுங்குற இடத்துல யாரை நிறுத்துவே? தேர் எந்தத் தெருவுக்குப் போகணும்னு யார் சொல்றது?"

அதுக்கு என்கிட்ட ரூல் இல்ல. நான் படிச்ச எந்த ரோபோ விளையாட்டுலயும் இல்ல. அதிலெல்லாம் எந்திரம் யாரோடதுன்னு இருக்கும், எத்தனை அம்பு தாங்கும்னு இருக்கும். சக்கரத்துக்குப் பக்கத்துல நிக்கிறவனுக்குப் பேர் கூட இருக்காது.

ரெண்டாவது திருத்தத்தை அவனே எழுதினான். ஒண்ணு, முட்டுக்கட்டை வேலை ஆட்டத்துக்கு ஆட்டம் எல்லாத் தெருவுக்கும் முறை வச்சு வரும், முதல் முறை அரண்மனைத் தெருவுக்கு. ரெண்டு, ஒவ்வொரு முக்குலயும் எட்டுத் தெருவும் ஒத்துக்கிட்டாத்தான் எந்திரம் திரும்பும். ஒருத்தர் கட்டையை எடுக்க மாட்டேன்னாலும் அங்கேயே நிக்கும், எதிரி வந்தாலும் சரி.

"மாப்ள, இப்படி வச்சா ஆட்டம் ரொம்ப மெதுவாயிடும்"னேன்.

"தேர் என்னிக்குடா வேகமா போச்சு?"

இப்போ அவன்தான் கேம் மாஸ்டர். நான் அரண்மனைத் தெரு, முதல் முட்டுக்கட்டை என்னோடது. மூணு ராத்திரி ஆடினோம். அத்தை பையன் அச்சுக்கு மசகு போட தனி ரூல் கேட்டு வாங்கிட்டான், இப்போ கிரிக்கெட் ஸ்கோர் யாரும் பாக்கறதில்ல. எங்க எந்திரம் இன்னும் ரெண்டாவது தெரு முக்குலயே நிக்குது. வலப்பக்கம் திரும்பினா எங்க தெரு, இடப்பக்கம் போனா ஏழாம் தெரு. நான் இன்னும் கட்டையை எடுக்கல. கதையில வர்ற தெருவுக்கே விட்டுக் கொடுக்க மனசு வர மாட்டேங்குதுன்னா பாத்துக்கங்க.

தீபாவளிக்கு ஊருக்குப் போறேன். மிச்ச ஆட்டம் அப்போ.

கொசுறு: லீவு முடிஞ்சு கிளம்பற அன்னிக்கு அவன்கிட்ட உங்க ஊர்த் தேரோட்டம் எப்போன்னு கேட்டேன். எட்டு வருஷத்துல முதல் தடவை. பங்குனியாம். "வா, எங்க தெருவுல நின்னு பாரு"ன்னான். லீவுக்கு இப்பவே மெயில் போட்டாச்சு.