சீட்டுக் காசும் ஜிடிஏ 6உம்

மாத்தளை திருகோணமலை வீதியில் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவருக்குச் சீட்டு விழுந்திருக்கிறது. கையில் காசு, மனசில் பிளேஸ்டேஷன் 5. எல்லாம் ஒரே ஒரு கேமுக்காக: ஜிடிஏ 6.

ஐந்தாம் பாகம் வந்தது 2013இல். அடுத்ததை முதலில் 2025 என்றார்கள். பிறகு 2026 மே 26. அதன்பின் நவம்பர் 19 என்று அறிவித்தார்கள். இப்படித் தள்ளிப்போகும் திகதியை நம்பிச் சீட்டுக் காசைக் கரைப்பதா?

அவரிடமுள்ள பிளேஸ்டேஷன் 4இல் அது ஓடாது, உண்மைதான். ஆனால் 2022இல் வந்த 'கோட் ஒஃப் வோர் ரக்னரொக்' அதிலேயே ஓடும். அதை அவர் இன்னும் தொட்டதில்லை! கொன்ட்ரோலரின் இடப்பக்க ஸ்டிக்கில் ரப்பர் தேய்ந்து பிளாஸ்டிக் தெரிகிறது. குறை அவ்வளவுதான்.

கேம் கடைக்கு வரட்டும். அதுவரை ரப்பரை மாற்றினால் போதும்.