சபையும் 'கூலி' என்னும் சொல்லும்

உலகளாவிய திருச்சபை என்னும் கருத்தின் பெருமையையும் குறையையும் ஒருங்கே காண விழைவோர் இலங்கையின் மலைநாட்டை நோக்குதல் வேண்டும். பூண்டுலோயா, அட்டன் முதலிய இடங்களின் தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழருள் ஒரு சாரார் கிறித்தவர். மலைநாட்டுத் தமிழரின் முன்னோர் கோப்பித் தோட்டங்களில் உழைத்த காலத்தில், 1854ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் சர்ச் மிசனரி சங்கத்தாரும் துரைமார் சிலரும் அவர்களுக்கென ஒரு சமயத் தொண்டினைத் தொடங்கினர். திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வந்து லயங்களில் வேதம் போதித்தனர். கங்காணியின் கணக்கில் கடனாளியாக நின்றவன், ஞானஸ்நானப் பதிவேட்டில் சபையின் உறுப்பினன் ஆனான்.

ஆயினும் அத்தொண்டுக்கு இடப்பட்ட பெயர் 'தமிழ்க் கூலி மிசன்' என்பதாகும். கடவுள்முன் யாவரும் உடன்பிறந்தார் எனப் போதித்தோர், தம் தொண்டின் பெயரிலேயே அவர்களைக் கூலிகள் என்றனர். வேத போதனையோ அப்பெயருக்குள் அடங்குவதன்று. எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகளின் விடுதலை வரலாற்றைக் கேட்கும் கொழுந்து பறிப்பவர், அதில் தம் கதையைக் காணாதிருத்தல் அரிது.

1948இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாத்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு உரியவர் என வகுத்தது. ஒரே அப்பத்தில் பங்குகொண்டோர் கடலின் இருகரைகளிலும் பிரிந்தனர். நாடற்றோராய் எஞ்சியவர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது.

ஐக்கியம் என்பது ஞாயிறன்று ஒன்றாக அமர்வதோடு முடிவதன்று. திங்கட்கிழமை பிரட்டுக்களத்தில் உடன்பிறந்தான் எப்பெயரால் அழைக்கப்படுகிறான் என்பதே அதன் உரைகல்.