குழிப்பந்தும் ஐந்தாம் வகுப்புக் கணக்கும்

தமிழாசிரியனுக்கும் கோல்ஃப் எனும் குழிப்பந்தாட்டத்துக்கும் என்ன தொடர்பு எனச் சிலர் வினவக்கூடும். சக ஆசிரியர் ஒருவரின் தூண்டுதலால் சில ஆண்டுகளாக ஆடிவருகிறேன். பெருந்தொகை கொடுத்து மன்றங்களில் உறுப்பினராக இயலாத என் போன்றோருக்குப் பொதுத் திடல்களே புகலிடம். சிங்கப்பூரின் மரினா பே பொதுத் திடலும் 2024இல் மூடப்பட்டுவிட்டது. ஆகவே சில வார இறுதிகளில் ஜோகூருக்குச் செல்கிறோம்.

அங்கு நாங்கள் ஆடும் திடலில், நான்கரை மணி நேரத்தில் முடிய வேண்டிய 18 குழிகள் சில நாள்களில் ஐந்தரை மணி நேரத்தை விழுங்கிவிடுகின்றன. எங்களுடன் ஆடும் டாக்சி ஓட்டுநர் ஒருவர் மாதம் ஒருமுறைதான் வருவார். கடற்பாலம் கடந்து மாலைப் பணிக்குத் திரும்ப வேண்டியவர். பதினான்காம் குழியோடு அவர் விடைபெற்றுச் சென்றதை இருமுறை கண்டேன். முழு ஆட்டத்துக்கும் அவர் கட்டணம் செலுத்தியிருந்தார்.

தாமதம் என்றவுடன் புதிதாக ஆட வந்தவரையே பலரும் கடிந்துகொள்கின்றனர். அது நியாயமன்று. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே போடக்கூடிய ஒரு கணக்கைப் பாருங்கள். 7 நிமிடத்துக்கு ஒரு குழு வீதம் அனுப்பப்படுகிறது எனக் கொள்வோம். பார் 3 குழியில் ஒரு குழு ஆடி முடித்த பின்னரே அடுத்த குழு அடிக்க இயலும். அதற்கு 9 நிமிடம் பிடித்தால், ஒவ்வொரு குழுவும் முந்தைய குழுவைவிட 2 நிமிடம் கூடுதலாகக் காத்திருக்கும். இருபதாம் குழு காத்திருப்பதோ 38 நிமிடம்! இத்தனைக்கும் எவரும் மெதுவாக ஆடவில்லை.

எனவே முதல் தீர்வு நிர்வாகத்தின் கையில் உள்ளது. இடைவெளியை 9 அல்லது 10 நிமிடமாக்க வேண்டும். காலை நேர வருவாய் குறையுமே என்பர். உண்மைதான். ஆனால், எத்தனை குழுக்களை உள்ளே அனுப்பினாலும் அந்தக் குழியைக் கடப்பது 9 நிமிடத்துக்கு ஒரு குழுவே. மிஞ்சியோர் வெயிலில் நிற்பதற்கே பணம் கட்டுகின்றனர்.

ஆடுவோர்க்கும் கடமை உண்டு. 2019இல் திருத்தப்பட்ட விதிகள் இதற்கு வழிகாட்டுகின்றன. தொலைந்த பந்தைத் தேடும் நேரம் 5 நிமிடத்திலிருந்து 3 நிமிடமாகக் குறைக்கப்பட்டது. இடையூறின்றி அடிக்கும் நிலை வந்தபின் 40 நொடிக்குள் அடித்துவிடுமாறு பரிந்துரைக்கப்பட்டது. கொடிக்கம்பத்தை எடுக்காமலே பசும்பரப்பிலிருந்து பந்தை உருட்டலாம். மொத்த அடிகளை எண்ணும் ஆட்டத்தில், பாதுகாப்பாக இருப்பின், ஆயத்தமானவர் முதலில் அடிக்கலாம். பந்து தொலைந்திருக்கும் என்ற ஐயம் எழுந்தால், தேடப் புறப்படுமுன் தற்காலிகப் பந்து ஒன்றை அடித்துச் செல்வது நன்று.

பார் 3 குழியில் மற்றொரு நல்வழக்கமும் உண்டு. பசும்பரப்பை அடைந்தவர்கள் தங்கள் பந்துகளின் இடத்தைக் குறித்துவிட்டு ஒதுங்கி நின்று, பின்னால் காத்திருப்போரை அடிக்க அழைப்பார்கள். அவர்கள் நடந்து வருவதற்குள் இவர்கள் ஆடி முடித்துவிடலாம். இரு குழுக்களின் நேரம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்திவிடுகிறது.

இவற்றுள் எதற்கும் ஓட வேண்டியதில்லை. புதியவரை விரட்ட வேண்டியதுமில்லை. மன்ற உறுப்பினர் நாளையும் வந்து ஆடலாம். பொதுத் திடலுக்கு வருபவருக்கோ மாதத்தில் அந்த ஒரு காலைப்பொழுதே வாய்க்கிறது. அவர் பதினெட்டாம் குழிவரை ஆடிவிட்டு வீடு திரும்ப வேண்டும் என்பதே என் விருப்பம்.